செங்குத்து விருந்து

டாக்டர் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. வின்னிக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"இந்த அநியாயத்தைப் பாருங்க! கோடை முழுக்க சாரத்துல நின்னு சர்ச் கோபுரத்தைச் சரிபண்ணின மனுஷனுக்கு விருந்தாம். அவரையும் நிக்க வெச்சிருக்கா இந்த டாக்டர் பொண்டாட்டி!"

அவள் கணவன் பெர்சி வாய் நிறையப் பன்றிக்கறியோடு சிரித்தான்.

"அழைப்புலயே 'பெர்பெண்டிகுலர்'னு போட்டிருந்ததே! சுவர் சாயாம நின்னா அந்தப் பேரு. நம்ம கோபுரம் கட்டின பாணிக்கும் அந்தப் பேரு. நின்னுக்கிட்டே தின்கிற விருந்துக்கும் அதேதான். எல்லாம் தரைக்குச் செங்குத்தா இருந்தா சரி!"

"உங்களுக்கென்ன, தின்னா போதும்."

சுவரோரமாக நின்ற கொத்தனார் ஏமஸ், ஆப்பிள் மதுக் கோப்பையும் கையுமாகச் சுற்றி நின்றவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

விருந்து கொடுத்த டாக்டர் மனைவி மில்ட்ரெட்டை வின்னி மடக்கினாள். "நாற்காலியெல்லாம் எங்கேம்மா?"

"உட்கார்ந்தா நிறையச் சாப்பிடுவீங்களே!" என்று சிரித்துவிட்டு அவள் நழுவினாள்.

கடைந்தெடுத்த கஞ்சம்!

வின்னி விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போனாள். கொட்டகையில் நாற்காலிகள் குவிந்து கிடந்தன. ஒன்றை இழுத்து வந்து ஏமஸ் முன்னால் போட்டாள்.

"உட்காருங்கண்ணே! யாரு தடுக்கிறாங்கன்னு நான் பார்க்கிறேன்."

கூட்டம் கைதட்டியது. "உட்காரு ஏமஸ், உட்காரு!"

ஏமஸின் முகம் வெளுத்தது.

சட்டென்று குறுக்கே புகுந்த மில்ட்ரெட், அந்த நாற்காலியில் தானே பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்பாடா! என்னமா கால் கடுக்குது!"

"வெட்கங்கெட்டவ" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழாதவள்போல் கேக்கைக் கடித்தாள்.

வின்னி வெடிக்க வாயெடுத்தாள். ஏமஸ் அவளை ஓரமாக இழுத்துப் போனார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கத்தாதேம்மா, காலைப் பிடிக்கிறேன். போன வாரம் வேலை முடிஞ்சு இறங்கறப்ப, ஏணியோட கடைசிப் படியில வழுக்கி, உட்கார்ந்த வாக்கில விழுந்துட்டேன். எலும்புல விரிசல். ஒரு மாசம் உட்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கோபுர உச்சியில நின்னவன் கடைசிப் படியில கவுந்தான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும், நான் விருந்துக்கே வரலைன்னு மில்ட்ரெட்டம்மாகிட்ட அழுதேன். நான் மட்டும் நின்னாதானே கேள்வி வரும்னு, அந்தம்மா ஊரையே நிக்க வெச்சுட்டாங்க!"