ஓடுபாதையில் காய்ந்த நெல்

அந்த ஓடுபாதையை வெள்ளைக்காரன் உலகப்போருக்காகப் போட்டான். பிறகு அது இராணுவ முகாமானது. சண்டைக் காலத்தில் காயப்பட்ட காலிதீனை அங்கிருந்துதான் விமானத்தில் ஏற்றினார்கள், அவர் திரும்பவில்லை. இப்போது ஊர்ச்சனம் அதில் நெல் காயப்போடுகிறது.

காலிதீனின் மனைவி ஜெமீலா நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டு வரும்போதெல்லாம் அவளுடைய நெல் மட்டும் சீராகக் காயும்படி காலால் கிளறப்பட்டிருக்கும். இடது கால் இழுபட்ட தடம். காலிதீன் இடது காலை இழுத்துத்தான் நடப்பார்.

நாளைமுதல் பயணிகள் விமானம் இறங்கும். கேற்றைப் பூட்டிவிடுவார்கள்.

"கெதியா வாங்க உம்மா," என்று அவசரப்படுத்தினாள் மகள் நுஸ்ஹா.

ஜெமீலா வெறும் ஓடுபாதையைப் பார்த்து, "இஞ்சருங்க, இனி உள்ளுக்கு உடமாட்டாங்க. ஊட்ட போவம்," என்று கணவரை வீட்டுக்குக் கூப்பிடுவதுபோலச் சொல்லிவிட்டுக் கேற்றடிக்கு நடந்தாள்.

"உம்மாக்கு விசர்," என்று சிரித்தபடி நுஸ்ஹா கடைசி மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். மூட்டையின் மறுமுனை அதற்கு முன்பே உயர்ந்திருந்தது.