ஐந்தாவது சாவடி

வில்லியனூரிலிருந்து பாகூருக்குத் தனியாக சைக்கிளில் கிளம்பிய கௌஸ் பாஷா, பிரெஞ்சு எல்லையும் இங்கிலீஷ் எல்லையும் மாறி மாறிக் கடந்து ஐந்தாவது சுங்கச் சாவடிக்கு வந்து சேர்ந்தான்.

சாவடிச் சேவகன் தங்கராசு அவனுடைய மூட்டையை உதறினான். ஒரு கைலியும் நாலு பேரீச்சம்பழமும் விழுந்தன.

"சரக்கு எங்கடா?"

"சரக்கெல்லாம் இல்லீங்க."

"நேர் ரோட்டுல போனா ரெண்டே சாவடி. நீ எதுக்கு அஞ்சு சாவடி சுத்திக்கினு வர்ற? தங்கமா, சரிகையா?"

"சும்மா ஊர் பாக்கத்தாங்க."

தங்கராசு டயரை அழுத்திப் பார்த்தான். சீட்டைக் கழற்றச் சொல்லி, குழாய்க்குள் குச்சியை விட்டுக் குடைந்தான். ஒன்றும் கிடைக்காததில் அவனுடைய சந்தேகம் இன்னும் கூடியது.

"மணி இன்னா ஆச்சுங்க?" என்றான் பாஷா.

"ஏன், கூட்டாளி எவனாவது காத்துக்கினு இருக்கானா?"

"இல்லீங்க. தெரிஞ்சிக்கத்தான்."

தங்கராசு முறைத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தான். "மூணு. உண்மையைச் சொல்ற வரைக்கும் நீ இங்கேர்ந்து நகர முடியாது."

பாஷா சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அருகில் வந்தான்.

"அந்தப் பின்மூடியைத் திறந்து பாருங்க. உள்ள ஷரீப்னு பேர் வெட்டியிருக்கும். போன மாசம் இந்தப் பக்கம் வந்து, இன்னும் வூடு திரும்பாத என் தம்பி."

தங்கராசு கடிகாரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"நாலு சாவடியிலயும் மணி கேட்டேன். எல்லாரும் வெயிலைப் பாத்துத்தான் சொன்னாங்க. இப்ப நீ சொல்லு. என் தம்பி எங்க?"