ரெண்டே வரி மன்னிப்பு

“ரெண்டே ரெண்டு வரிம்மா. எழுதிக் குடுத்துட்டு வகுப்புக்குப் போ” என்றார் வகுப்பாசிரியர், நூறாவது தடவையாக.

பத்தாம் வகுப்புப் பெண் பேனாவைத் தொடவில்லை. இப்படிக் கல்லுளிமங்கியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அன்று காலைக் கூட்டத்தில் வாசிப்பது அவள் முறை. வாசிக்கும் தாளை முதலில் வகுப்பாசிரியரிடம் காட்டியாக வேண்டும் என்பது பள்ளி விதி. மைக்கைப் பிடித்தவள், “பொண்ணுங்க கழிப்பறையை மூணு மாசமா பூட்டியே வெச்சிருக்காங்க. அதனால நாங்க யாரும் தண்ணியே குடிக்கிறதில்லை” என்று போட்டு உடைத்துவிட்டாள். மைக்கை அணைப்பதற்குள் எண்ணூறு பேர் கேட்டாயிற்று.

“இதை நீங்க பார்த்தீங்களா?” என்று தலைமையாசிரியை அவரிடம் பாய்ந்தார்.

“எனக்குக் காட்டினது வேற தாள் மேடம்.”

“பார்த்திருந்தா நீங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் அவள் பதினைந்து நாள் பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது. செய்முறைத் தேர்வோ நாளை மறுநாள். தவறினால் ஒரு வருஷம் வீண்.

“என்ன எழுதணும் சார்?”

“‘நான் சொன்னது பொய்.’ இது ஒண்ணு. ‘ஆசிரியரிடம் வேறு தாளைக் காட்டி ஏமாற்றினேன்.’ இது ரெண்டு.”

“உள்ளதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா சார்?”

“உரிமையெல்லாம் பாடப் புத்தகத்துல இருக்கும்மா. பரீட்சைக்குப் படிச்சாப் போதும்.”

சலவைக் கடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்த அம்மா, வாசலில் நின்று அழுதாள். “எழுதித் தொலையேன்டி. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் தாளை அவள் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தார்.

ஒருவழியாகப் பேனாவை எடுத்தாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஆனால் அவள் நீட்டிய தாளில் ஒரே ஒரு வரிதான். வேறு தாளைக் காட்டி ஏமாற்றினேன் என்ற வரி.

“முதல் வரி எங்கேம்மா?”

“நான் சொன்னது நிஜம் சார். பொய்னு எழுத மாட்டேன்.”

“இது மட்டும் போதாதும்மா. உன்னை உள்ளே விட மாட்டாங்க.”

“தெரியும் சார்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அப்புறம் எதுக்கு இதை மட்டும் எழுதினே?”

அம்மா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள். “உங்க வேலை போயிடக் கூடாதுல்ல சார்? நான் மைக்ல வாசிச்ச அதே தாளைக் காலைல முன்னாடியே படிச்சுட்டு, ‘நல்லா இருக்கு, தைரியமா வாசி’ன்னு சொன்னது நீங்கதானே.”