கராஜில் ஒரு குளியல்

ஆஸ்திரேலியாவுக்கு வேலையாகப் போயிருந்த சேனாபதி, அமெரிக்காவில் பிளசன்டன் ஊரிலிருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளே வரவில்லை, கண்ணுகளா. கராஜிலேயே நின்றார். "டாடி!" என்று ஓடிவந்த நாலு வயது வெண்பாவிடம், "கிட்ட வராதே!" என்று அலறினார். பெட்டியைத் திறந்து, ஆஸ்திரேலியாவில் போட்டுக்கொண்டிருந்த பூட்ஸையும் சட்டைகளையும் குப்பைப் பையில் திணித்து இறுகக் கட்டினார்.

"ஏனுங்க, எழவு வீட்டுக்கா போயிட்டு வர்றீங்க?" என்றாள் மனைவி வசந்தாமணி.

"செடிக்குத் தண்ணி விடற ஹோஸை எடு, இங்கயே குளிச்சுடறேன். அந்த மண்ணு துளிகூட வீட்டுக்குள்ள வரக்கூடாது. அணுகுண்டு வெடிச்சு டெஸ்ட் பண்ணின பூமி. தூசி மூச்சுல போச்சுன்னா நுரையீரல்லயே தங்கிடும்."

"ஐயோ! அங்க உங்களுக்கு என்னங்க வேலை?"

"அந்த ஊர்ப் பூர்வகுடி ஜனங்க சொந்த மண்ணுக்குத் திரும்பிப் போகலாமான்னு கவர்மென்ட்ல செக் பண்ணச் சொன்னாங்க. புள்ளகுட்டியோட தாராளமாப் போய் இருக்கலாம், சேஃப்தான்னு ரிப்போர்ட் குடுத்துட்டேன்."

வசந்தாமணி ஹோஸைத் திறந்துவிட்டாள்.

"அவ்வளவு சேஃப்னா, கிறிஸ்துமஸ் லீவுக்கு நாமளும் அங்க போலாமுங்களே?"

"உனக்கென்ன பைத்தியமா? நமக்குச் சின்னக் குழந்தை இருக்கு!"