மணியில் சுற்றிய துணி

"யாரு இந்த மணிக்குத் துணி சுத்துனது?"

"நான்தான் சார்." டூட்டியில் இருந்த ரோசி கூசாமல் சொன்னாள்.

அர்த்தநாரிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. மீனாட்சிபுரத்துக்காரர். டெலிபோன் இலாகா மேற்பார்வையாளராக மலைக்கு மாற்றலாகி முழுசாய் ஒரு வாரம் ஆகவில்லை. ஆடி மழையில் பஸ் பிடித்து உடும்பஞ்சோலைப் பக்கத்து எக்ஸ்சேஞ்சைப் பார்க்க வந்தால், வரவேற்பு இப்படி!

சுவிட்ச் ரூமில் ஈரம் ஏறினால் சிவப்பு விளக்கு எரியும், மணி கணகணவென்று அடிக்கும். உடனே ஹீட்டரைப் போட வேண்டும். விட்டால் ஊருக்கே போன் செத்துப்போகும். அந்த மணிக்குத்தான் இந்தப் புண்ணியவதி பழைய சேலையைக் கிழித்துப் பொதிந்து வைத்திருக்கிறாள்.

"தூங்கறதுக்கு இடைஞ்சலா இருக்குதாக்கும்?"

"தூங்கினா விளக்கை யாரு சார் பார்க்கிறது? டூட்டி முழுக்க அதுக்கு எதுத்தாப்புலதான் உட்கார்ந்திருக்கேன். சோறு திங்கிறதும் அங்கேயேதான். ஹீட்டர் போட ஒரு நாளாவது பிந்தியிருக்கா? ரிஜிஸ்டரைப் பாருங்க."

பார்த்தார். பிந்தவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"ஏம்மா, மணி வெச்சது அடிக்கறதுக்குத்தானே? நீ இன்னும் டெம்பரவரி. நான் ஒரு வரி எழுதுனா வேலை போயிரும், தெரியுமா?"

"எழுதுங்க. நாளைக்கே ஏலக்காய் எடுக்கப் போறேன். துணியை மட்டும் அவுக்க மாட்டேன்."

"காரணத்தையாவது சொல்லு."

"உங்களுக்கு முந்தி இருந்த சாருகிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். இன்னொருத்தர் சிரிக்க நான் சொல்லணுமா?"

என்ன திமிர்! அர்த்தநாரியே ஸ்டூலில் ஏறித் துணியை உருவி எறிந்தார்.

ஆடி மழை சும்மா இருக்குமா? பத்தே நிமிஷத்தில் விளக்கு எரிந்தது. மணி காது கிழிய அடித்தது. ரோசி பாய்ந்து ஹீட்டரைப் போட்டாள்.

அதற்குள் பின்பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரு கூக்குரல். "மலை இடியுது! வெளிய வாங்க! வெளிய வாங்க!"

நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி, தலைவிரிகோலமாகக் கதவு கதவாய் இடித்துக்கொண்டு வந்தாள். நேரே எக்ஸ்சேஞ்சுக்குள் புகுந்தாள். முன்பின் தெரியாத அர்த்தநாரியின் கையைப் பிடித்து, கொட்டுகிற மழையில் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அவர் உதறிப் பார்த்தார், முடியவில்லை.

ரோசி பின்னாலேயே ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "ஒண்ணுமில்ல செபமாலைக்கா. எக்ஸ்சேஞ்சு மணிதான்க்கா. எல்லாரும் நல்லாருக்காங்க."

அர்த்தநாரிக்கு மூச்சு வாங்கியது. "யாரும்மா இவங்க?"

நனைந்த முந்தானையால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துக்கொண்டே ரோசி சொன்னாள்.

"மலை இடிஞ்சா தோட்டத்துல அடிக்கிற மணியும் இதே சத்தம்தான் சார். போன வருஷம் அது அடிச்சப்போ அக்கா குழாயடியில நின்னுச்சு. லயத்துல கோடி வீடு அதோடது. வழியில இருந்த ஒவ்வொரு கதவையும் தட்டி, எங்களையெல்லாம் வெளிய இழுத்து விட்டுட்டு, தன் பிள்ளைங்களைத் தூக்கப் போச்சு. அங்க வீடு இல்ல."