அழுக்கு வண்டி

“இந்த வண்டியைத் துடைச்சது யாரு?”

சூப்பர்வைசரின் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

ஈரத் துணியும் கையுமாக அவள் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தாள்.

நினைக்காமல் என்ன செய்வாள்? காலையில் அவர்தானே சொன்னார்.

“குழந்தைங்க ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்கிற கார் கண்காட்சி. பெரிய மனுஷங்க வருவாங்க. எந்த வண்டியிலயும் ஒரு பொட்டு தூசி இருக்கக் கூடாது. இருந்தா, சாயங்காலமே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

தரையோடு தரையாகப் படுத்திருந்த ரேஸ் கார்களுக்கு அவள் தேவையே இல்லை. அவற்றில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கடைசி வரிசையில் இந்தப் பழைய வண்டிதான், சுற்றிலும் கயிறு கட்டி, ஒரு ஜென்மத்து அழுக்கோடு நின்றது. பார்க்கச் சகிக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

லேசில் போகவில்லை. வாளி வாளியாகக் கறுப்புத் தண்ணீர். டிரைவர் பக்கத்துக் கதவில் அஞ்சு விரலும் பதிந்த எண்ணெய்க் கறை வேறு. அதைக் கடைசியாக வைத்துக்கொண்டு, சோப்புப் போட்டு, தோள் வலிக்கத் தேய்த்து எடுத்தாள். அடியிலிருந்து பச்சை நிறம் எட்டிப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

இப்போது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“நான்தான் சார்.”

“தலையில கல்லைப் போட்டுட்டியே. எத்தனையோ வருஷமா பூட்டின ஷெட்டுக்குள்ள கிடந்த வண்டி இது. அந்தத் தூசியைப் பார்க்கத்தான் ஜனங்க வர்றாங்க. உண்டியல்ல காசு போடறதே அதுக்குத்தான்.”

“தூசிக்கா சார்?”

“வாயைத் திறக்காதே.”

அந்த ஒரு வண்டியை விட்டுவிடு என்று காலையில் சொல்ல மறந்தது யார் என்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

கூட வேலை செய்யும் அக்கா அவள் இடுப்பில் கிள்ளினாள். “காலைப் பிடிச்சுடுடி. நஷ்டத்தை உன் தலையில கட்டினாங்கன்னா, உன் பேத்தி வந்துதான் அடைக்கணும்.”

அவள் பால்குடி மறக்காத பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ‘வெளி வேலையெல்லாம் உனக்குச் சரிப்படாது’ என்று சொல்லித்தான் மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டார். இன்றைக்கு எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்காட்சி நடத்தும் சங்கத்தின் தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பழைய வண்டியின் சொந்தக்காரர், கையில் ஒரு பலகையோடு. ‘கிடைத்தபடியே வைத்திருக்கிறோம். தொடாதீர்கள்.’ அதை எடுத்து வரத்தான் போயிருந்தாராம்.

வண்டிக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவைத் தடவினார். அங்கேயே நின்றுவிட்டார்.

“இப்பவே இவளை அனுப்பிடறேன் சார்,” என்றார் சூப்பர்வைசர். “போலீஸுக்குப் போனாலும் சரி.”

வண்டிக்காரர் திரும்பினார். அவளையும் அவள் கையிலிருந்த துணியையும் பார்த்தார். பிறகு பலகையைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அது நிஜத் தூசியே இல்ல.”

“என்ன சொல்றீங்க?” என்றார் தலைவர்.

“நான்தான் தூவினேன். சிமென்டும் சாம்பலும். பழசு மாதிரி தெரியட்டும்னு.”

யாரோ சீட்டி அடித்தார்கள். “வண்டிக்குப் பவுடர் போட்ட மொத ஆள் நீங்கதான் சார்” என்று ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

தலைவரின் முகம் சுருங்கியது. “இத்தனை வருஷம் பழகியிருக்கோம். தர்ம காரியத்துல போய் இந்த வேலையா? இனிமே உங்க வண்டி இந்த மைதானத்துக்குள்ள வரக் கூடாது.”

“சரிங்க. அபராதமா என்னால முடிஞ்சதை இங்கயே கட்டிடறேன்.” இருந்த நோட்டையெல்லாம் உண்டியலில் திணித்தார். சிரித்தவர்களும் சிரித்துக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

போன உயிர் திரும்பியதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஊரை ஏமாற்ற இவர் ஆடிய கூத்துக்கு, அவள் பிழைப்பல்லவா போக இருந்தது.

விறுவிறுவென்று குழாயடிக்குப் போனாள்.

“கொஞ்சம் நில்லும்மா.”

வண்டிக்காரர் பின்னாலேயே வந்திருந்தார்.

“கதவைத் தேய்ச்ச துணி இதுதானே?”

“ஆமாங்க.”

“அலசிடாதே. என்கிட்ட குடு.”

“ஒரே அழுக்கா இருக்குங்களே.”

அவர் அதை வாங்கி, கறை உள்பக்கமாக வரும்படி மெதுவாக மடித்தார்.

“கடைசியா வண்டியை ஷெட்டுல விட்டுட்டு நீ தேய்ச்ச அந்தக் கதவைச் சாத்தினவர் எங்கப்பா. அவர் விரல்தாம்மா அது” என்று சொல்லி, சொட்டுகிற துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.