நாற்பதில் ஒன்று

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனிக்கு மேனேஜராக வந்த மூன்றாம் நாள், சுப்பராயன் காலையிலேயே ஒரு கடிதத்தைப் பாதி அடித்து வைத்தார். மத்தியானம் ஜபீனைக் கூப்பிட்டார். ஆறு மாதமாக டிரெய்னியாக இருக்கும் அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அன்று முடிவு செய்தாக வேண்டும்.

"இன்னாம்மா இது? நீ எழுதின நாப்பது புரோகிராம்ல முப்பத்தொம்போதை, மெஷினைக் காவல் காக்குற கெர்னல் வாசல்லயே தொரத்திடுச்சு. வேலை நடக்குறப்ப எழுதி அழிக்கிற ஸ்டாக் மெமரில அதுங்களுக்குக் குடுத்த எடத்தைத் தாண்டிக் கை வைக்குதாமே?"

"ஆமா சார். உள்ள போன அந்த ஒண்ணுதான் பேஜாரா கீது."

"அது ஒண்ணுதாம்மா உருப்படி."

"இல்ல சார். நான் எழுதுறது எல்லாமே திருட்டு புரோகிராம். கெர்னல் புடிக்குதான்னு பாக்குறதுதான் எனக்குக் குடுத்த வேலை. முப்பத்தொம்போதைப் புடிச்சிடுச்சு. ஒண்ணைக் கோட்டை உட்டுடுச்சு."

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ள போயி அது இன்னா பண்ணுச்சு?"

"டெஸ்ட் மெஷின் ரிப்பேருன்னு, இன்னிக்குக் காலைல நீங்க டீ குடிக்கப் போறப்ப உங்க மெஷினைக் குடுத்தீங்களே சார், அதுலதான் ஓட்டினேன். முன்னாடி நடந்த வேலையோட மிச்சம் ஸ்டாக்ல அப்படியே கெடந்துச்சு. அதைப் படிச்சிகினு வந்துடுச்சு."

ஜபீன் ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். 'செல்வி ஜபீன் அவர்களுக்கு, தங்கள் வேலை திருப்தியாக இல்லாததால்' என்று அதில் இருந்தது.

சுப்பராயன் இரண்டு முறை படித்தார். "மீதி?"

"மீதியை நீங்க இன்னும் அடிக்கல சார்."

அவர் காலையில் அடித்ததை அழித்துவிட்டு, முதலிலிருந்து வேறு கடிதம் அடிக்கத் தொடங்கினார்.